அதிபரின் போரும் நீலமலையின் மக்களும்

நீலகிரியின் வரலாற்றை எழுதப் புகுவோர், கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறிய செய்தியிலிருந்து தொடங்குவது வழக்கம். அவருக்கு முன்பே இம்மலையில் வாழ்ந்துவந்த தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், படகர் ஆகியோரைப் பற்றி ஓர் இயல். உதகை கோடைத் தலைநகரான கதை ஓர் இயல். சின்கோனாவும் காப்பியும் தேயிலையும் வந்த கதை ஓர் இயல் என்று நூல் விரியும். இவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்த ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றிய செய்தி மட்டும் பெரும்பாலும் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடும். அரசுக் கோப்புகள் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று குறிக்கின்றன. கடைத்தெருவில் அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். இவ்விரு பெயர்களுக்கும் இடையே ஒரு கடல் கிடக்கிறது. ஒரு போர் கிடக்கிறது. அப்போரை நடத்திய அதிபரிடம் ஒரு நாடு படிப்படியாக நம்பிக்கை இழந்த கதையும் கிடக்கிறது.

பிறருடைய போர்களின் மிச்சம் இம்மலைக்கு வந்து சேர்வது புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த சிறைக்கட்டடம் நடுவட்டத்தில் உள்ளது. அவர்கள் அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்பது செவிவழிச் செய்தி. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிடிபட்டவர்களுள் ஒரு பகுதியினர் கேத்திப் பள்ளத்தாக்கில் முகாம் அமைத்துக் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுடைய அதிபர் பால் குரூகர், போர் முடியும் முன்பே, 1900-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டார். தலைவர் கப்பலேறிய பிறகும் குடிமக்கள் அயல்நாட்டு மலையில் குளிர்காய்ந்துகொண்டிருந்தனர். போரைத் தொடங்குவோர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்போர் வேறொருவர் என்னும் பழைய உண்மைக்கு நீலகிரியில் கிடைக்கும் முதற் சான்றுகளுள் இதுவும் ஒன்று. இரண்டாவது சான்று தமிழ் பேசுவது. அதனையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரு தலைமை அமைச்சர்களின் கணக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் தோன்றிய 1820-களிலிருந்து தென் மாவட்டங்களின் உழவர் குடிகள் கடல் கடந்து கூலிகளாய்ச் சென்றனர். காப்பி நோய்ப்பட்டு அழிந்த பின் தேயிலை வந்தது. கங்காணியின் துண்டுக் கணக்கில் வாழ்ந்து, லயத்து அறைகளில் பிறந்து, அம்மண்ணிலேயே மடிந்த தலைமுறைகள் பல. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் அவர்கள் 7 பேரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். தலவாக்கொல்லையின் உறுப்பினராகச் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை ஒரு கவிஞர் என்பது இலக்கிய அன்பர்கள் மனங்கொள்ளத்தக்கது.

அவ்வெற்றியின் விலை உடனே கேட்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. மறு ஆண்டில் அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. தமிழ்க் காங்கிரசின் தலைமை அரசோடு ஒத்துப்போனதைப் பொறாத எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். பின்னாளில் வடக்கும் கிழக்கும் நடத்திய உரிமைப் போராட்டத்தின் முதல் விதை, இவ்வாறு மலைநாட்டுத் தொழிலாளியின் பறிபோன வாக்குச்சீட்டிலேயே விழுந்தது.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புதுதில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும்; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். அந்த எச்சமும் 1974-இல் பாதிப் பாதியாய்ப் பிரிக்கப்பட்டது. வாழையிலைக் கட்டைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்ட இவ்வொப்பந்தத்தில், பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விண்ணப்பங்கள் பிரிந்தன.

ஒப்பாரிக் கோச்சி

தோட்டங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட ரயிலுக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். இந்த ஒரு சொற்றொடருக்குள் ஒரு காப்பியம் அடங்கியிருப்பதைக் கவிஞர்கள் உணர்வர். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்தனர். அதே மண்டபத்தில்தான் வெள்ளையர் காலத்தில் அவர்களின் பாட்டன்மார் நோய்த்தடுப்புச் சோதனைக்காக அடைத்து வைக்கப்பட்டுப் பின் இலங்கைக்கு ஏற்றி அனுப்பப்பட்டனர். போகும்போதும் வரும்போதும் வாசல் ஒன்றாகவே இருந்தது.

வந்தவர்களுக்கென வகுக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டங்கள் பல. சிறுதொழிற் கடன் பெற்று ஊர் ஊராய்ச் சிதறியோர் உண்டு. நூற்பாலைகளில் சேர்ந்தோர் உண்டு. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கன்னடத்திலும் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோரும் உண்டு. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோருக்காக 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. ஆயினும் கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் அல்லாது வேறு தொழில் அறியாத கைகள், சமவெளியில் கடை வைத்துப் பிழைக்க முடியாமல் தவித்தன. அக்கைகள் தேயிலை இருக்கும் மலையைத் தேடி வந்தது இயல்பேயாகும்.

நீலகிரியில் 1968-இல் வனத்துறையின்கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1975-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. மக்கள் வழக்கில் அது 'டான்டீ' ஆயிற்று. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட அக்கழகம் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் ஆகிய பகுதிகளிலும், கோவை மாவட்டத்தின் வால்பாறையிலும் தோட்டங்களை எழுப்பியது. காட்டைத் திருத்திச் செடி நட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த இம்மக்களே. அக்காடு பழங்குடியினர் வாழ்ந்த காடு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு நாட்டில் வேரறுக்கப்பட்டவர்களைக் கொண்டு மற்றொரு நாட்டின் சோலை வேரறுக்கப்பட்டது. இதில் குற்றவாளி மண்வெட்டி பிடித்தவன் அல்லன். எனினும் வரலாறு இரு தரப்பு இழப்பையும் குறித்துவைக்கக் கடமைப்பட்டது.

பெருவெற்றி பெற்ற அதிபர்

தோட்டங்களில் உணவுப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1973, 1974-ஆம் ஆண்டுகளின் கசப்பே, 1977 ஜூலைத் தேர்தலில் சிறிமாவோ அரசை வீழ்த்தியது. ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140 இடங்களைப் பிடித்தது. ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை என்பது எந்தத் தலைவருக்கும் எளிதில் வாய்க்காத பேறு. அதே தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றி பெற்றதால், முப்பது ஆண்டுகளுக்குப் பின் மலையகத் தமிழரின் குரல் பொதுத்தேர்தல் வழியே நாடாளுமன்றம் புகுந்தது. அடுத்த ஆண்டு அவர் அமைச்சருமானார். நம்பிக்கை கொள்ளக் காரணம் இருந்தது.

ஆனால் பதவியேற்ற சில வாரங்களிலேயே, 1977 ஆகஸ்டில், தமிழர்மீது வன்முறை வெடித்தது. தோட்டங்களிலிருந்து ஓடியவர்கள் வவுனியாவிலும் வன்னிக் காடுகளிலும் குடியேறினர். மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. ஒரு பகுதியினர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வரும் நாளை விரைவுபடுத்திக்கொண்டனர்.

1978 பிப்ரவரி 4-ஆம் நாள் ஜெயவர்த்தனா நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதல் அதிபரானார். அவ்வாண்டுச் செப்டம்பரில் புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்துகொண்டே போனது. 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1980 ஜூலையில் பொது வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட பல்லாயிரம் அரசு ஊழியர்கள் வேலை இழந்தனர். அதே ஆண்டில் சிறிமாவோவின் குடிமை உரிமைகள் பறிக்கப்பட்டன. 1981-இல் மே மாதக் கடைசி நாளின் இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் 97,000 நூல்களோடு தீக்கிரையாயிற்று. 1982 டிசம்பர் 22-இல், பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பு நடந்தது. விளக்குச் சின்னத்துக்கு வாக்களித்தால் நாடாளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறாண்டு நீளும்; குடம் சின்னத்துக்கு வாக்களித்தால் நீளாது. விளக்கு வென்றது. தம் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத பதவி விலகல் கடிதங்களை அதிபர் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மக்கள் கொடுத்த பெரும்பான்மையைக் கொண்டே மக்களின் அடுத்த தேர்தலை நீக்கிவிட்ட இச்செயலை, பின்வந்த அத்தனை துயரத்திற்கும் திறவுகோல் எனலாம். வாக்குப்பெட்டியின் வழியே வெளிப்பட வேண்டிய சினம் வேறு வழிகளைத் தேடியது. வடக்கில் இளைஞரின் துப்பாக்கியாகவும், தெற்கில் சில ஆண்டுகள் கழித்து எழுந்த கிளர்ச்சியாகவும் அது வடிவெடுத்தது.

1983 ஜூலை

1983 ஜூலை 23-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் கொல்லப்பட்டனர். மறுநாளிரவு கொழும்பு எரியத் தொடங்கியது. வெலிக்கடைச் சிறையில் 25, 27 ஆகிய இரு நாட்களில் தமிழ்க் கைதிகள் 53 பேர் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டனர். அவர்களுள் காந்தியம் இராஜசுந்தரமும் ஒருவர். தீ மலைநாட்டிற்கும் பரவியது. பதுளையும் நுவரெலியாவும் எரிந்தன. தனிநாடு கேட்காத, கேட்ட கட்சியில் சேராத தோட்டத் தமிழனும் 'தமிழன்' என்ற ஒரே காரணத்தால் அடிபட்டான். அவனுடைய தலைவர் அப்போதும் அதிபரின் அமைச்சரவையில் இருந்தார். உள்ளிருந்து காக்கலாம் என்ற தொண்டமானின் கணக்கைப் பலர் கடிந்தனர்; வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டவர்களும் இருந்தனர்.

அதிபர் நான்கு நாட்கள் வாய் திறக்கவில்லை. 28-ஆம் நாள் தொலைக்காட்சியில் தோன்றியபோது, சிங்கள மக்களின் உணர்வை விளக்கினாரேயன்றி, வீடும் உறவும் இழந்த தமிழருக்கு ஓர் ஆறுதல் மொழி கூறவில்லை. நாட்டின் தலைவர் என்பவர் எல்லார்க்கும் தலைவர் என்ற எண்ணம் அன்றைக்கு முறிந்தது. ஆகஸ்டில் வந்த ஆறாவது அரசமைப்புத் திருத்தம், பிரிவினையைக் கைவிடும் உறுதிமொழியை உறுப்பினர்களிடம் கோரியது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேற, பேச்சு நின்று போர் மட்டும் எஞ்சியது.

தமிழ்நாடு கொதித்தெழுந்தது. ஆகஸ்ட் 2-இல் மாநிலமெங்கும் முழு அடைப்பு நடந்தது. கலைஞர் கருணாநிதியும் பேராசிரியர் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தனர். ஆனால் நீலகிரித் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு அது மேடைச் செய்தியன்று. எரிந்த ஊர்களின் பெயர்கள் அவர்கள் பிறந்த ஊர்களின் பெயர்களாய் இருந்தன. ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கு வந்திருந்த நிலையில், 1984-இல் போரின் காரணமாக இராமேசுவரம் - தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் புறப்படக் காத்திருந்த பல்லாயிரவர் இலங்கையிலேயே நின்றுவிட்டனர். முந்திய கப்பலில் வந்த மூத்தவன் கூடலூரில்; பிந்திய கப்பலுக்குக் காத்திருந்த இளையவன் அட்டனில். இப்பிரிவைச் செய்தது எந்த ஒப்பந்தமும் அன்று, போர் செய்தது.

தையில் பிறந்த வழி

இவ்விருண்ட ஆண்டுகளின் நடுவே ஒரு நிகழ்ச்சி தனித்து நிற்கிறது. 1985-இல் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு முன்வைத்த நான்கு கொள்கைகளுள் நான்காவது, இலங்கையைத் தம் நாடாகக் கருதும் தமிழர் அனைவர்க்கும் குடியுரிமை வேண்டும் என்பது. போராளிகளும் கட்சிகளும் சேர்ந்து வைத்த அக்கோரிக்கை பேச்சுவார்த்தையோடு முறிந்தது. அடுத்த ஆண்டு தைப்பொங்கல் நாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஒரு வழிபாட்டு இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளர்கள் காலை வேளைகளில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கோயில் முன் அமர்ந்து வழிபட்டனர். கல் எறியவில்லை, கத்தி எடுக்கவில்லை. கொழுந்து முற்றினால் நாட்டின் வருவாய் முற்றாக நிற்கும் என்பது அதிபருக்குத் தெரியும். விரைவிலேயே அரசு இறங்கி வந்தது. 1986-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம், நாடற்றோராய் எஞ்சியிருந்த 94,000 பேருக்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது.

வடக்கில் பீரங்கி முழங்கிய அதே காலத்தில், மலையில் கைகட்டி அமர்ந்தவர்கள் ஒரு சட்டத்தை வென்றெடுத்தனர். ஜெயவர்த்தனாவுக்குத் தோட்டங்கள் அமைதியாய் இருக்க வேண்டிய நெருக்கடி இருந்தது என்பதும், டில்லியின் அழுத்தம் இருந்தது என்பதும் உண்மையே. ஆயினும் மக்களின் மனக்குறை ஒழுங்கோடு திரளும்போது இரும்புத் தலைமையும் வளையும் என்பதற்கு இது சான்று. நீலகிரிக்கு வந்துவிட்டவர்களுக்கு இச்சட்டம் எதையும் திருப்பித் தரவில்லை. அவர்கள் ஏற்கெனவே கணக்கில் கழிக்கப்பட்டவர்கள்.

வெலிங்டனின் படைவீரர்கள்

1987 மே, ஜூன் மாதங்களில் வடமராட்சியில் இலங்கைப் படை பெருந்தாக்குதல் நடத்தியது. ஜூன் 4-இல் இந்திய வானூர்திகள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொதிகளை இட்டன. ஜூலை 29-இல் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் உடன்படிக்கை செய்தனர். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு கடற்படை வீரன் துப்பாக்கியின் அடிப்பாகத்தால் இராஜீவைத் தாக்கினான். ஆகஸ்ட் 18-இல் நாடாளுமன்றக் கட்டடத்தினுள் அதிபரின் கட்சிக் கூட்டத்தின்மீதே குண்டு வீசப்பட்டது. தமிழரைக் காக்கத் தவறியவர் என்று வடக்கு வெறுத்த அதிபரை, நாட்டை அயலானுக்கு விற்றவர் என்று தெற்கும் வெறுக்கத் தொடங்கியது. ஒரே தலைவரை இருவேறு காரணங்களுக்காக இரு இனத்தாரும் கைவிட்டனர்.

உடன்படிக்கையின்படி சென்ற இந்திய அமைதி காக்கும் படை, அக்டோபர் 10-இல் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. இங்குதான் நீலகிரியின் கதை இன்னொரு கிளை விடுகிறது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் உள்ளது. அதே ஊரில் முப்படை அதிகாரிகள் பயிலும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் உள்ளது. அந்த ரெஜிமெண்டின் படைப்பிரிவுகளும் யாழ்ப்பாணத்திற்குச் சென்றன. ஒரே மலைச்சரிவில், ஒருபுறம் இலங்கையில் உறவுகளை விட்டுவந்த கொழுந்து பறிக்கும் குடும்பங்கள். மறுபுறம் அந்த இலங்கைக்குப் போரிடச் சென்ற வீரர்களின் பயிற்சிக் களம். இரு தரப்பார்க்கும் அப்போர் தேர்ந்தெடுத்த போரன்று.

தமிழ்நாட்டு மக்களுக்கு அப்போர் பிடிக்கவில்லை. காக்கச் சென்ற படை தாக்கும் படையானது ஏன் என்ற கேள்விக்கு டில்லியிடம் விடை இல்லை. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டனர். ஈழத்துப் பொதுமக்களின் சாவுக்கு முழுக்கணக்கே இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதிய 'முறிந்த பனை' அந்நாட்களை எல்லாத் தரப்பின் குற்றங்களோடும் பதிவு செய்தது. அதன் ஆசிரியருள் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989 ஜனவரியில் ஜெயவர்த்தனா பதவியிலிருந்து விலகியபோது, வடக்கில் ஒரு போரும் தெற்கில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியும் ஒருசேர நடந்துகொண்டிருந்தன. அவருக்குப்பின் வந்த பிரேமதாசா இந்தியப் படையை வெளியேறச் சொன்னார். 1990 மார்ச் 24-இல் கடைசிப் பிரிவு கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்பிற்குத் தமிழக முதலமைச்சர் செல்லவில்லை. வென்றோம் என்று சொல்ல முடியாமலும் தோற்றோம் என்று சொல்லத் துணியாமலும் திரும்பிய அவ்வீரர்களின் மனநிலையைப் பாடிய தமிழ்க் கவிதை மிகக் குறைவு.

அதே நாற்காலி

ஜெயவர்த்தனா செய்து வைத்த நாற்காலி அவரோடு போகவில்லை. அதில் அமர்ந்தோர் ஒவ்வொருவரும் அதை ஒழிப்பதாகவோ குறைப்பதாகவோ சொல்லி, பின் அதன் சுகத்தில் ஆழ்ந்தனர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது மகிந்த ராஜபக்ச அதில் இருந்தார். 1977-க்குப் பின் வன்னியில் குடியேறியிருந்த மலையகத் தமிழ்க் குடும்பங்களும் அப்போரின் இடையில் சிக்கிக்கொண்டன. தேயிலையிலிருந்து தப்பி வன்னிக்குப் போனவர்கள் இரண்டாம் முறை வேரிழந்தனர். கப்பல் நின்றதால் தங்கிப்போனவர்களுக்கோ, 2003-ஆம் ஆண்டின் சட்டம் இலங்கைக் குடியுரிமையை வழங்கியது. ஒரு கப்பலைத் தவறவிட்டவர்கள் இருபது ஆண்டு கழித்து அந்நாட்டின் குடிமக்கள் ஆனார்கள். தவறவிடாதவர்கள் நீலகிரியில் இன்னும் 'சிலோன்காரர்' ஆகவே இருந்தார்கள்.

2019 நவம்பரில் போர் வெற்றியின் பெயரால் கோத்தபய ராஜபக்ச 69 லட்சம் வாக்குகளோடு அதிபரானார். 2021-இல் ஒரே ஆணையால் செயற்கை உரங்களுக்குத் தடை விதித்தார். நெல்லும் தேயிலையும் சரிந்தன. சில மாதங்களில் தடை நீங்கியும் நாடு மீளவில்லை. எரிபொருளும் பால்மாவும் மருந்தும் இன்றி வரிசையில் நின்ற மக்கள் 2022 ஜூலை 9-இல் அதிபர் மாளிகைக்குள் புகுந்தனர். 13-ஆம் நாள் அவர் நாட்டை விட்டு ஓடினார்; மறுநாள் பதவி விலகினார். அதற்கு முன், மே 18-இல், காலிமுகத்திடலில் சிங்கள இளைஞரும் கூடியிருந்து முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைந்து கஞ்சி பகிர்ந்தனர். போர் வெற்றியைக் காட்டி வாக்குக் கேட்ட தலைவரிடம் ஏமாந்த பிறகே, அப்போரில் இறந்தவர்களை நினைக்கத் தென்னிலங்கையில் ஒரு சிறு வாசல் திறந்தது. காலம் கடந்ததாயினும் அது திறந்தது.

அதே 2022-ஆம் ஆண்டில் நீலகிரியிலும் ஓர் ஆணை வந்தது. நட்டத்தில் நடந்த தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் 2,152 எக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தருவது என்று மாநில அரசு முடிவு செய்தது. காடு காடாவது நன்றே. ஆனால் அக்காட்டைத் திருத்தியவர்கள் முதுமையில் ஓய்வு பெறும்போது, குடியிருப்பையும் விட்டு வெளியேற வேண்டுமா என்ற அச்சம் லயங்களில் எழுந்தது. வேலை உள்ளவரை வீடு, வேலை போனால் வீதி என்பது இலங்கைத் தோட்டத்தில் அவர்கள் பாட்டனார் கண்ட சட்டம். தாயகத்திலும் அதுவே தொடர்வதானால், 'திரும்பியோர்' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

எழுதப்பட வேண்டியது

ஒரு தலைமையின்மீது மக்கள் கொள்ளும் வெறுப்பு பொதுவாகத் தேர்தல் முடிவுகளிலும் தெருப் போராட்டங்களிலும் பதிவாகும். நீலகிரியின் தாயகம் திரும்பியோர்க்கு அவ்விரண்டு வழியும் இல்லாமற் போயின. அவர்களைப் பங்கிட்ட தலைமை அமைச்சர்களுக்கு அவர்கள் வாக்களித்ததில்லை. அவர்களின் உறவினரை எரித்த ஆட்சியை நீக்க அவர்களுக்கு வாக்கில்லை. அவர்கள் வாக்களித்த நாடு அனுப்பிய படையைப் பற்றியோ அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஆதலின் அவர்களின் மனக்குறை எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. அது வாய்மொழியில் உள்ளது. இழவு வீட்டுப் பாட்டில் உள்ளது. 'ஒப்பாரிக் கோச்சி' போன்ற ஒற்றைத் தொடரில் உள்ளது.

புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் 'துன்பக்கேணி'யில் எழுதினார். ராஜம் கிருஷ்ணன் நீலகிரியின் படகர் வாழ்வைக் 'குறிஞ்சித்தே'னில் எழுதினார். இவ்விரு புனைவுகளுக்கும் நடுவே, கேணியிலிருந்து மீண்டு குறிஞ்சி மலைக்கு வந்தவர்களின் கதைக்கு இடம் காத்திருக்கிறது. கண்டியின் லயத்தையும் கப்பலின் மேல்தளத்தையும் கண்ணால் கண்ட தலைமுறை கோத்தகிரியிலும் பந்தலூரிலும் சேரம்பாடியிலும் மறைந்துகொண்டு வருகிறது. அவர்களின் பேரக்குழந்தைகளுக்கு அட்டனும் பதுளையும் வெறும் பெயர்கள். ஒரு வட்டத்தின் கவிஞர்கள் கூடிப் பத்தாண்டுகள் பாடிய பின், அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியைத் தேடுவார்களாயின், அது தொலைவில் இல்லை. காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் மூதாட்டி ஒருத்தியின் அருகில் அமர்ந்து, அவள் பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதிலிருந்து அப்பணி தொடங்கும்.